அறைத்தோழிக்கு எழுதிய கடிதம்: ஒரு விடுதி நிகழ்வு ஆய்வு

கல்லூரி மகளிர் விடுதி ஒன்றில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். முதலாண்டு மாணவிகளிடமிருந்து என்னிடம் வருவது பெரும்பாலும் அறைச் சண்டைதான். கீழே வரும் நிகழ்வு அந்த வகையில் சேராது. இந்த அறையில் சண்டை நின்றுபோனதுதான் கவலைக்குக் காரணமானது. சம்பந்தப்பட்ட இருவரும் இதைப் படித்துப் பார்த்து, எழுதலாம் என்று சொன்ன பிறகே வெளியிடுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள். எனவே படித்த துறையை வைத்து கணக்கு மாணவி, வேதியியல் மாணவி என்றே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

முதலாண்டுக்கு அறை ஒதுக்குவது சேர்க்கை எண் வரிசைப்படி. யாரோடு யார் தங்குவது என்பதில் மாணவிகளுக்குப் பங்கில்லை. இந்த இருவரும் அப்படித்தான் ஓர் அறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

வேதியியல் மாணவி விடியற்காலையில் எழுந்து படிப்பவள். அளந்துதான் பேசுவாள். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பாள். கணக்கு மாணவி நள்ளிரவு தாண்டியும் விழித்திருப்பவள். மேசை, கட்டில், தரை எல்லாம் கணக்குப் போட்ட தாள்களாகவே கிடக்கும். பள்ளியில் எல்லா ஆண்டும் முதலிடம் வாங்கியவள். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது: தோல்வி என்பது அவளுக்கு அதுவரை நேர்ந்ததே இல்லை.

முதல் வாரமே விளக்கை வைத்து உரசல் வந்துவிட்டது. புதிதாக வரும் ஒவ்வோர் அறைக்கும் நாங்கள் ஒரு தாள் கொடுப்போம். விளக்கு எத்தனை மணி வரை, அலாரம், வெளியாட்கள் வருவது, ஒருவர் பொருளை மற்றவர் எடுப்பது என்று இருவரும் பேசி முடிவெடுத்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இவர்கள் எழுதியது நான்கே வரி. பதினொரு மணிக்கு மேல் மேசை விளக்கு மட்டும். காலை அலாரம் ஒரே தடவை. கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது. ஜன்னல் திரையை இருவருக்கும் சம்மதம் என்றால்தான் விலக்க வேண்டும்.

அதன் பிறகு பல வாரங்கள் அமைதியாகப் போயின. ஆனால் நட்பு என்று எதுவும் உருவாகவில்லை. ஒரே அறையில் இருந்தால் தானாக நெருக்கம் வந்துவிடும் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். நெருங்கிய நட்பு உருவாக இருவரும் சேர்ந்து சுமார் 200 மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டியிருக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அறைத்தோழிகள் அந்தக் கணக்கை வெகு சீக்கிரமே தாண்டிவிடுவார்கள். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: வகுப்பிலோ வேலையிலோ பக்கத்துப் பக்கத்தில் இருந்த நேரத்தால் நெருக்கம் அவ்வளவாக வளரவில்லை. சேர்ந்து பொழுதைக் கழித்த நேரமும் மனம்விட்டுப் பேசிய நேரமும்தான் வளர்த்தன. இந்த அறையில் அந்த இரண்டும் அதுவரை இல்லை.

அறையில் கவனித்தது

முதல் உள்தேர்வில் கணக்கு மாணவி ஒரு தாளில் தோற்றாள். வீட்டில் சொல்லவில்லை. அறைத்தோழியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் மெல்ல மெல்ல வகுப்புக்குப் போவது குறைந்தது.

மாற்றத்தை முதலில் கண்டது அறைத்தோழிதான். அவள் என்னிடம் சொன்ன விவரங்களை அப்படியே பதிவு செய்கிறேன். ஓர் ஆலோசகரோ ஆசிரியரோ இவற்றைப் பார்க்க வாய்ப்பே இல்லை. நோட்டு ஒரே பக்கத்தில் திறந்தபடி கிடந்தது. அதன் மேல் மூடி போடாத பேனா நாள்கணக்கில் அசையவே இல்லை. கணக்கு மாணவியின் வாளி அடிவரை காய்ந்திருந்தது. சோப்புப் பெட்டியில் சோப்பு வறண்டு நடுவில் வெடிப்பு விட்டிருந்தது. பகல் முழுக்கத் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு. விழித்திருந்தாலும் மேசை விளக்கு எரியவில்லை. முன்பு விளக்குக்காகச் சண்டை போட்டவளுக்கு இப்போது அந்த இருட்டுதான் பயத்தைத் தந்திருக்கிறது. வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன், தூக்கம்தான் சரியில்ல" என்பாள்.

மனச்சோர்வு நோயா என்று கணிக்கும்போது, அறிகுறிகள் குறைந்தது 2 வாரமாவது விடாமல் இருந்தனவா என்று மருத்துவர்கள் கேட்பார்கள். வீட்டைவிட்டு வந்த பிள்ளைகள் விஷயத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் பல நேரங்களில் அறையில் கூட இருப்பவர்தான். இந்த நிகழ்விலும் அப்படியே நடந்தது.

அறைத்தோழி எடுத்த முடிவு

ஒரு மாலை அவள் கணக்கு மாணவியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள். "மூணு நாளா நீ சாப்பிட இறங்கி வரல. குளிக்கல. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். என்ன ஆச்சு?" எதையும் பூசி மெழுகவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. கண்ணால் கண்டதை மட்டும் சொல்லிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

வெகுநேரம் கழித்துக் கணக்கு மாணவி அழுதாள். எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, யாரிடமும் சொல்லாதே, சத்தியம் செய் என்று கேட்டாள்.

இந்த இடத்தில் அந்தப் பெண் சொன்ன பதில், நான் இந்த வேலையில் கேட்டவற்றில் மிகச் சிறந்த ஒன்று. "சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா உனக்குத் தெரியாம யார்கிட்டயும் போக மாட்டேன். போறதா இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்."

பதினெட்டு வயதில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைத்தான் செய்வார்கள். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுத் தனியே சுமப்பார்கள். அல்லது தோழிக்குத் தெரியாமல் வார்டனிடம் போய்ச் சொல்லிவிடுவார்கள். முதலாவதில் உதவி வந்து சேராது. இரண்டாவதில் உதவி வந்தாலும் நம்பிக்கை போய்விடும். இவள் இரண்டையும் தவிர்த்தாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று பின்னாளில் கேட்டேன். "பொய் சொல்ல முடியாது மேடம், விட்டுட்டும் போக முடியாது" என்றாள்.

மறுநாள் காலை இருவரும் என் அறைக்கு வந்தார்கள்.

எங்கள் தரப்பில் எடுத்த முடிவுகள்

முதல் சந்திப்பிலேயே, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று கணக்கு மாணவியிடம் தனியாக, நேரடியாகக் கேட்டேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை, கேட்பதால் பேச வழி பிறக்கிறது. அப்படி எண்ணம் இல்லை, ஆனால் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்றாள். மருத்துவரிடம் அனுப்பினோம். வாரம் ஒரு முறை என்னைப் பார்ப்பது என்று முடிவானது. வீட்டுக்கு அவளே, என் மேசையிலிருந்து, போன் செய்து பேசினாள். துறை ஆசிரியர் ஒருவரிடம் பேசி, எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் திரும்பாமல் முதலில் காலை வகுப்புகளுக்கு மட்டும் வர ஏற்பாடு செய்தோம்.

அறைத்தோழியின் பங்கு என்ன என்பதையும் அன்றே வரையறுத்தோம். காலையில் முதல் வகுப்புக்கு இருவரும் சேர்ந்து கிளம்புவது, இரவுச் சாப்பாட்டுக்குச் சேர்ந்து இறங்குவது. அவ்வளவுதான். மருந்து சாப்பிட்டாளா என்று பார்ப்பதும் இரவு முழுக்க விழித்திருந்து பேசுவதும் அவள் வேலையில்லை என்று அழுத்திச் சொன்னேன். பக்கத்து அறைப் பெண்கள் இருவரையும், கணக்கு மாணவியின் சம்மதத்தோடு, துணைக்குச் சேர்த்துக்கொண்டோம்.

இதற்கு ஆதாரம் உண்டு. மனச்சோர்வில் இருந்த கல்லூரி மாணவர்களின் அறைத்தோழர்களை உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 3 வாரம் தொடர்ந்து கவனித்து 1994-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கூட இருந்தவர்களிடமும் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடியிருந்தன. ‘நான் பரவாயில்லையா, என்னைப் பிடிக்கிறதா’ என்று திரும்பத் திரும்ப உறுதி கேட்பவர்களோடு இருந்தவர்களிடம் அது முக்கியமாகத் தெரிந்தது. நல்ல மனசுள்ள ஒரு பெண்ணை இன்னொருத்திக்கு மருந்தாக்கிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. எனவே அறைத்தோழியையும் தனியாக, அவளுக்காகவே, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சந்தித்தேன்.

தேறிவந்த கதையை நீட்ட வேண்டியதில்லை. ஏற்ற இறக்கம் இருந்தது. மறுதேர்வில் தேறினாள், முதலிடம் வாங்கவில்லை. அந்த மதிப்பெண்ணோடு வாழப் பழகினாள். பருவ இறுதியில் மேசை விளக்கு மறுபடி எரியத் தொடங்கியது என்று அறைத்தோழி வந்து சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை.

உதவி முடிந்த பிறகு வந்த சிக்கல்

இரண்டாம் பருவம் தொடங்கி சில வாரங்களில் வேதியியல் மாணவி வழக்கமான சந்திப்புக்கு வந்தாள். வெகுநேரம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "அவ என்கூட சண்டையே போட மாட்டேங்கிறா மேடம். ஒரு மாதிரி இருக்கு."

விசாரித்ததில் தெரிந்தவை இவை. ஜன்னல் பக்கக் கட்டிலைக் கணக்கு மாணவி கேட்காமலே விட்டுக்கொடுத்திருந்தாள். தோழியின் துணிகளையும் சேர்த்துத் துவைத்தாள். ஆய்வக ரெக்கார்டு நோட்டுக்குப் படங்களை வரைந்து கொடுத்தாள். எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பாள். பத்து மணிக்கே விளக்கை அணைத்துவிட்டு, வராத தூக்கத்துக்காகப் படுத்திருந்தாள். அதாவது, தனக்கு எந்த நேரத்தில் கணக்கு நன்றாக வருமோ அந்த நேரத்தையே தோழிக்காக விட்டிருந்தாள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நன்றியுள்ள பெண் என்றுதான் எவரும் பாராட்டுவார்கள். ஆனால் வேதியியல் மாணவிக்கு அறைக்குப் போகவே தயக்கமாக இருந்தது. "நான் என்னமோ அவளுக்குக் கடன் கொடுத்த மாதிரி நடந்துக்கிறா" என்றாள். அவள் உணர்ந்தது சரி. மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1979-ல் வெளியிட்ட சோதனை முடிவுகள் இதைத்தான் காட்டுகின்றன. ஒருவரோடு நெருங்கிப் பழக விரும்பி அவருக்கு உதவுகிறோம். அவர் உடனே ஈடாக ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால், அவர் மீதான பிரியம் குறைகிறது. கொடுக்கல் வாங்கலாக மட்டும் பழகும் இடத்தில் இதற்கு நேர்மாறாக, திருப்பிக் கொடுப்பவரையே பிடிக்கிறது. கணக்கு மாணவி அன்பினால்தான் செய்தாள். ஆனால் அந்தச் செயல்கள் தோழியிடம் போய்ச் சேர்ந்தது ‘நமக்குள் வரவு செலவு இருக்கிறது’ என்ற செய்தியாக.

கணக்கு மாணவியைத் தனியே சந்தித்தபோது அவள் தரப்பும் புரிந்தது. தோழியிடம் அவள் இதுவரை ஒரு முறைகூட வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. சொல்லப் போனால் அந்த நாட்களைப் பற்றியே பேச வேண்டிவரும். தோழிக்குச் சங்கடமாக இருக்கும். தானும் அழுதுவிடுவேன் என்று பயம். சொல்ல முடியாததையெல்லாம் துணி துவைத்தும் படம் வரைந்தும் தீர்க்கப் பார்த்திருக்கிறாள். எவ்வளவு செய்தும் தீரவில்லை.

கடிதம்

இங்கே எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ‘இதெல்லாம் செய்யாதே, அவளுக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்வது ஒன்று. அப்படிச் சொல்லியிருந்தால் நன்றியைக் காட்ட அவளிடம் இருந்த ஒரே வழியையும் அடைத்திருப்பேன். நான் இன்னொன்றைத் தேர்ந்தேன். நன்றியை ஒரு தடவை, முழுதாக, எழுத்தில் சொல்லிவிடச் சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். ‘நீ இல்லையென்றால் நான் இல்லை’ என்பது போன்ற வரி வேண்டாம். அது எழுதுபவருக்கு உண்மையாகவே தோன்றலாம், ஆனால் படிப்பவர் தலையில் ஓர் உயிரின் பொறுப்பை ஏற்றிவிடும். நடந்தது எது, அது உனக்கு என்ன செய்தது, அதை மட்டும் எழுது என்றேன்.

சங்கடமாக இருக்குமே என்று மறுபடி கேட்டாள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வை அவளிடம் சொன்னேன். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவருக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்பதை மிகையாக நினைத்திருந்தார்கள். அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். ஆய்வு என்றதும் கணக்கு மாணவிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. முடிவை நம்புவதற்கு முன் எப்படி அளந்தார்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டபோதே அவள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

கடிதத்தின் ஒரு பகுதியை இருவரும் இங்கே சேர்க்க அனுமதித்திருக்கிறார்கள்:

"அந்த நாட்களில் நீ காலையில் எழும்போது அலாரம் அடிக்கவில்லை. போனை அதிர்வில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாய். நான் விழித்துத்தான் இருந்தேன், உனக்குத் தெரியாது. இருட்டிலேயே பல் துலக்கிக் கிளம்புவாய். எத்தனை நாளானாலும் திரையை விலக்கியதில்லை. வந்தவர்கள் எல்லாரும் வெளிச்சம் வரட்டும் என்று திரையைத்தான் முதலில் இழுத்தார்கள். நீ மட்டும், விலக்கட்டுமா என்று தினமும் கேட்டாய். நான் வேண்டாம் என்றபோதெல்லாம் சரி என்றாய். ஒருநாள் சரி, விலக்கு என்று நான் சொன்னேன். அதை நானாகச் சொல்ல முடிந்ததே, அதற்காக உனக்கு நன்றி."

வேதியியல் மாணவிக்கு இது வியப்பாக இருந்தது. தான் செய்த பெரிய உதவி தோழியை என்னிடம் அழைத்து வந்ததுதான் என்று அவள் நினைத்திருந்தாள். கடிதத்தில் அது ஐந்தாவது பத்தியில்தான் வந்தது. திரையைப் பற்றியோ அவளுக்கு நினைவே இல்லை. "தாள்ல எழுதியிருந்தோமே மேடம், அதான் கேட்டேன்" என்றாள்.

எனக்கு வியப்பாக இல்லை. சாரா அல்கோவும் உடன் ஆய்வாளர்களும் 2008-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. ஒரு பல்கலைக்கழக மாணவியர் அமைப்பில் மூத்தவர்கள் தாங்கள் யார் என்று காட்டாமல் புதியவர்களுக்கு ஒரு வாரம் பரிசுகள் கொடுப்பது வழக்கம். பரிசு கொடுத்தவர் தன்னைப் புரிந்து கொடுத்திருக்கிறார் என்று தோன்றியபோது புதியவர்களிடம் நன்றி மிகுந்தது. அந்த வாரம் மிகுந்த நன்றியை உணர்ந்தவர்களின் உறவு ஒரு மாதம் கழித்தும் நன்றாக இருந்தது. தினமும் ஒரு தடவை ‘விலக்கட்டுமா’ என்று கேட்டதில், கணக்கு மாணவிக்குத் தன் சொல்லுக்கு இன்னும் மதிப்பிருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

கடிதத்துக்கு நான் எதிர்பார்க்காத ஒரு பலனும் இருந்தது. வேதியியல் மாணவி பதில் எழுதினாள். அளந்து பேசும் அந்தப் பெண், தனக்குப் பள்ளியில் நெருங்கிய தோழி என்று யாருமே இருந்ததில்லை என்றும், தன்னிடம் ஒருவர் அழுததே அதுதான் முதல் முறை என்றும் எழுதியிருந்தாள். உதவியது ஒருவர், பெற்றது ஒருவர் என்று இருவருமே நினைத்திருந்த கணக்கு அதோடு குழம்பிப்போனது. அது நன்மைக்கே.

பிறகு நடந்தது

துணி துவைப்பது நின்றது. கட்டில் விஷயத்தைப் பேசித் தீர்த்தார்கள். மாதம் மாற்றி மாதம் என்றானது. அந்தப் பருவம் முடிவதற்குள் விளக்கை வைத்து நன்றாகவே ஒரு சண்டை வந்தது. இரண்டு நாள் பேசாமல் இருந்து, தாளில் பதினொரு மணி என்பதைப் பன்னிரண்டாகத் திருத்தி, கண்ணை மறைக்கும் துணிப்பட்டை ஒன்று வாங்கிச் சமாதானமானார்கள். என் குறிப்பேட்டில் இதை முன்னேற்றம் என்றே பதிவு செய்திருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரே அறை வேண்டும் என்று சேர்ந்து விண்ணப்பித்தார்கள், கிடைத்தது. மூன்றாம் ஆண்டில் அறை கிடைத்தது வெவ்வேறு கட்டடங்களில். அதற்குள் ஒரே அறையில் இருந்தால்தான் நட்பு என்ற நிலையை அவர்கள் தாண்டியிருந்தார்கள். படிப்பு முடிந்து இப்போது வேறு வேறு ஊர்களில் இருக்கிறார்கள். கணக்கு மாணவிக்கு நடுவில் ஒருமுறை சோர்வு திரும்பியது. இந்தத் தடவை யாரும் வந்து கேட்பதற்கு முன் தானே மருத்துவரைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு தோழிக்குப் போன் செய்திருக்கிறாள். அந்த வரிசையை என்னிடம் சொன்னபோது வேதியியல் மாணவியின் குரலில் இருந்தது பெருமை.

இந்த நிகழ்வுக்குப் பின் மாற்றியவை

அறைத் தாளில் ஒரு வரி கூடியிருக்கிறது: ‘எனக்கு முடியாமல் போனால் நீ யாரிடம் சொல்லலாம்?’ நன்றாக இருக்கும்போதே இதற்குப் பதில் எழுதிவிட்டால், முடியாமல் போகும்போது சத்தியம் கேட்கும் நிலை வருவது குறையும். வீட்டு எண்ணை எழுதுகிறவர்கள் உண்டு. அக்காவின் எண்ணை எழுதுகிறவர்கள் உண்டு. சிலர் வகுப்புத் தோழியின் பெயரை எழுதுகிறார்கள். எதுவானாலும் அது அவர்கள் தேர்ந்தது.

உதவிய மாணவியைச் சந்திப்பதை, உதவி பெற்றவர் தேறியதும் நிறுத்துவதில்லை. அடுத்த பருவத்திலும் தொடர்கிறோம். இந்த நிகழ்வில் சிக்கல் தெரியவந்தது அப்படித் தொடர்ந்த ஒரு சந்திப்பில்தான்.

கடிதம் எழுதச் சொல்வதை மட்டும் வழக்கமாக்கவில்லை. எல்லா அறைகளுக்கும் நன்றி தெரிவிக்கும் வாரம் ஒன்றை வைக்கலாமே என்று சக ஊழியர் ஒருவர் நல்லெண்ணத்தோடு கேட்டார். வேண்டாம் என்றேன். இந்தக் கடிதம் பலித்தது, சொல்ல ஏராளமாக இருந்தும் சொல்ல முடியாமல் தவித்த ஒருத்தி எழுதியதால். சொல்ல ஒன்றுமில்லாத அறைகளும் உண்டு. நாகரிகமாகப் பழகிவிட்டு ஆண்டு முடிவில் பிரிந்து போகிறவர்கள் அவர்கள். அவர்களிடம் கடிதம் கேட்டு வாங்குவது நியாயமில்லை. இப்போதும் தேவைப்படும்போது, தனித்தனியே பேசிப் பார்த்த பிறகு மட்டும் அந்த யோசனையைச் சொல்கிறேன்.